ஆந்தையின் இடது இறக்கை

படம் முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கும்போது, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் அரங்கின் பக்கவாட்டுக் கதவை ஒரு சாண் திறந்து உள்ளே நுழைவாள். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பாள். விளக்கு எரிந்ததும் சிந்திய பாப்கார்னைக் கூட்டி, நாற்காலியில் ஒட்டிய மிட்டாயைச் சுரண்டி, அடுத்த காட்சிக்குள் அரங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே வருகிறாள். ஒற்றைச் செருப்பு, தலைக்கிளிப் எதுவும் குப்பைக்குப் போகாது. கதவுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவாள். பதினோரு வருடமாக எந்தப் படத்துக்கும் அவளைப் பொறுத்தவரை தலை கிடையாது, உடம்பு கிடையாது, வால் மட்டும்தான். தியேட்டரில் அவளுக்கு 'கிளைமாக்ஸ் அக்கா' என்று பெயர்.

ஐந்து வாரமாக ஓடுவது குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம். கிழட்டு ஆந்தை ஒன்று கிளிக்குஞ்சை மரப்பொந்தில் வைத்து வளர்க்கிறது. 'உன் கூட்டமெல்லாம் புயலில் செத்துப்போச்சு' என்று பொய் சொல்லி, வெளியே பறக்க விடாமல் வைத்திருக்கிறது. உண்மை தெரிந்த கிளி சீறிக்கொண்டு கிளம்ப, மலை சரிய, ஆந்தை பாறைகளோடு பள்ளத்தில் விழுகிறது. குழந்தைகள் கைதட்டுகிறார்கள். பெற்றவர்கள் செருப்பைத் தேடுகிறார்கள்.

அக்காவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. வெளியே வருகிற வாண்டுகளை வழிமறிப்பாள்.

"கண்ணு, பாறை விழுறப்ப அந்த ஆந்தை என்ன பண்ணுச்சு?"

"செத்துச்சு!"

"அதுக்கு முன்னாடி?"

ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பாறை உருண்டு வரும் அந்த இரண்டு நொடியில் ஆந்தை தன் இடது இறக்கையை விரித்துக் கிளியின் தலைக்கு மேலே பிடிக்கிறது. நூற்று முப்பது தடவை பார்த்தவள் சொல்கிறாள், நம்பத்தான் வேண்டும்.

டிக்கெட் கிழிக்கிறவருக்கு அவளைச் சீண்டாமல் பொழுது போகாது. "என்னக்கா, வில்லிக்கு வக்காலத்தா? பொய் சொல்லி அடைச்சு வெச்சது தப்பில்லையா?"

"தப்புதான். தப்பில்லேன்னு எவ சொன்னா? பறந்து போயிடுமோன்னு அதுக்குப் பயம். பயந்து போயி பண்ற தப்பு வேற, கெட்ட புத்தியில பண்றது வேற. படம் எடுத்தவனுக்கே அது தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா அந்த றெக்கைய எதுக்கு வரையணும்?"

"ஒரு நாள் முழுசா உக்காந்து பாருங்களேன். ஆரம்பம் தெரியாம பேசுறீங்க."

"ஆரம்பம் எனக்குத் தெரியும் தம்பி." வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

தெரியும்தான். அவளுடைய அக்காள் பிரசவத்தில் கண்ணை மூட, அக்காள் புருஷன் பச்சைப்பிள்ளையை இவள் மடியில் போட்டுவிட்டுப் போனவன் போனவன்தான். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று இவள் அந்தப் பெண்ணை வளர்த்தாள். ஏழு வருடம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. மகளைக் கூட்டிப்போக வருகிறானாம். கடிதத்தை அடுப்பில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். வீட்டை மாற்றினாள். "உங்கப்பா செத்துட்டாருடி" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டாள். அவன் நிஜமாகவே செத்த சேதி வந்தபோது பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. "எங்கப்பாவ ரெண்டு தடவ சாகடிச்சிட்டியே" என்றவள், அம்மா என்று கூப்பிட்ட வாயால் அதன் பிறகு எதுவும் கூப்பிடவில்லை.

அவள் வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருடமாகிறது. பேத்தி ஒருத்தி இருப்பதாகக் கேள்வி. பாவி மனுஷி, அந்தப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் ஊரார் பிள்ளைகளையெல்லாம் கண்ணு கண்ணு என்கிறாள். மகள் வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால்கூடப் போதும் என்று காத்துக் கிடக்கிறாள்.

படத்தின் கடைசி நாள், மதியக் காட்சி. வழக்கம்போல உள்ளே வந்து நின்றாள். நாலாவது வரிசை ஓரத்தில் ஒருத்தி நாற்காலியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை அதட்டியும் திருத்த முடியாத பழக்கம் அது. திரை வெளிச்சத்தில் முகமும் தெரிந்தது. பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமி. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் திரையைப் பார்க்கவில்லை.

விளக்கு எரிந்தது. கூட்டம் பக்கவாட்டுக் கதவுக்கு முண்டியடித்தது. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் கனத்த கதவு. சின்னப் பிள்ளைகளின் முகத்தில் அடித்துவிடும். அக்கா இடது கையை நீட்டி அதைத் தாங்கிப் பிடித்தாள். பிள்ளைக்கு எதிரில் மகளைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீட்டிய கைக்குக் கீழே ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மா, அந்த ஆந்தை எதுக்கும்மா கிளி மேல றெக்கைய விரிச்சுது?"

ஐந்து வாரமாக ஒரு குழந்தையும் கேட்காத கேள்வி. பதில் அக்காவின் தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் வந்த செருப்புச் சத்தம் நின்றது. நீட்டிய கைக்கு நேராகவே நின்றது.

"தெரியலடி," என்றது அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். "வா, பஸ் போயிடும்."

கடைசி ஆளும் வெளியே போன பிறகும், சுவரைப் பார்த்தபடி, நீட்டிய கையை இறக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.