கை கால் இருந்தா போதும்

வீரமணியின் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில் எத்தனை பேர் தலை மோதியிருக்கிறது என்று என்னைத்தான் கேட்க வேண்டும். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பேன், பின்பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம் வரும், மாட்டியிருக்கும் காலண்டர் ஆடும். நான் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, "டேய், செத்துகித்து தொலையாதீங்கடா" என்று கத்துவேன். இதுதான் செஞ்சி பேருந்து நிலையத்துப் பின்தெருவில் என் தினசரிப் பிழைப்பு.

அது வீடியோ கேம் கடை. ஒரு டிவி, ஒரு கறுப்புப் பெட்டி, ஒயர் வைத்த இரண்டு கைப்பிடிகள். பள்ளிக்கூடம் விட்டால் பையன்கள் வந்து குந்துவார்கள். விளையாட்டில் தோற்றவன் ஜெயித்தவனை அடிப்பான். கைப்பிடியாலேயே ஒருத்தன் இன்னொருத்தன் முன்பல்லைப் பெயர்த்ததும் உண்டு, ஒயரைக் கழுத்தில் சுற்றி இழுத்ததும் உண்டு. சண்டையை விலக்க வீரமணி உள்ளே இறங்குவான். விலக்குவது என்றால் இரண்டு பேரையும் சேர்த்து அடிப்பது. அவனுக்குத் தெரிந்த ஒரே பஞ்சாயத்து அதுதான்.

அடி அவனுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். அவன் நைனா பச்சைமுத்து கல் உடைக்கிறவர். சாயங்காலம் வந்தால் பெல்ட்டைக் கழற்றுவார். அதற்குப் பயந்து பதினாறு வயசில் பஸ் ஏறிச் சென்னைக்கு ஓடினவன், ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக் சாமான் ரிப்பேர் கற்றுக்கொண்டு, கல்யாண வயசில் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி வந்தான். கட்டிக்கொண்ட மஞ்சு மேல் மட்டும் அவன் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊரில் வேறு எல்லாரையும் அவன் அடித்திருக்கிறான்.

நாலைந்து வருஷம் நன்றாக ஓடியது. பிறகு பையன்கள் கையில் செல்போன் வந்தது. பெட்டி பழசாகிவிட்டது, அதே துப்பாக்கி, அதே கார் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொருத்தனாகக் கழன்றான். வீரமணி ஈ ஓட்டினான். அடிக்க ஆள் இல்லாமல் தன் கடை ஷட்டரையே எட்டி உதைத்தான்.

மஞ்சு ஒரு நாள் என் கடையில் வைத்தே அவனிடம் தீர்மானமாகச் சொன்னாள். "பொட்டிய விழுப்புரத்துக்காரன் கேக்குறான். குடுத்துட்டு எங்க அண்ணன் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போ. நெல்லு மூட்ட தூக்குனாலும் தெனம் சோறு இருக்குது."

அவன் என் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினான். பிறகு ஆரம்பித்தான் தன் ஜோசியத்தை.

"அக்கா, நீயும் கேளு. புதுப் பொட்டி எதுக்கு? பொட்டி அதேதான். அதுக்கு ஒரு கண்ணு வந்துருக்குது. டிவிக்குக் கீழ வெச்சிட்டா முன்னால நிக்கிற ஆளப் பாக்கும். நீ கைய வீசுனா உள்ள இருக்கறவன் கைய வீசுவான். ஒதச்சா ஒதைப்பான். பட்டனே கெடையாது. இத்தினி நாளு பட்டனப் பாத்துப் பயந்தவன்லாம் வருவான் பாரு. பொம்பளைங்க வருவாங்க. சிங்கவரத்துல நாத்து நடறவங்க வருவாங்க. படிப்பு வேணாம், பழக்கம் வேணாம். கை கால் இருந்தா போதும்."

"சண்டை?" என்றேன். என் கவலை என் சுவர்.

"அதான்க்கா மெயினே. கட்டவெரல்ல பட்டன அமுக்குனா கோவம் எங்க போவும்? ஒடம்புலயே நிக்குது. வெளிய வந்து பக்கத்துல இருக்கறவன அடிக்கிறான். ஒடம்பு மொத்தமும் அடிச்சிட்டா தீந்துச்சு. வேர்வையோட போயிடும்."

அடிபட்டே வளர்ந்தவன் சொன்ன சாஸ்திரம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அதில் ஏதோ நியாயம் இருப்பதாகவும் பட்டது. மஞ்சு அவனுக்குத் தவணை கொடுத்தாள். சித்திரையில் எங்கள் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. கூத்தில் துரியோதனனைச் சாய்க்கிற படுகளம் முடிகிற வரைக்கும் பார்ப்பது, அதற்குள் கடை நிமிரவில்லையென்றால் பெட்டி விழுப்புரத்துக்கு, அவன் ரைஸ் மில்லுக்கு. அவனுக்கு அது உயிர் போகிற விஷயம். மில்லில் மச்சான் ஏவ, இவன் கைகட்டி நிற்க வேண்டும். முதல் வாரத்திலேயே யார் மண்டையாவது உடையும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கண் வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கட்டை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் ஆள் தள்ளி நிற்க வேண்டும், கடையோ ரயில் பெட்டி மாதிரி. சம்மட்டி எடுத்துப் பின்பக்கத்துத் தடுப்புச் சுவரை அவனே இடித்தான். என் துணியெல்லாம் சிமெண்ட் தூசி. இடித்து முடித்தால் அடுத்த வில்லங்கம். லுங்கி கட்டியவனைக் கண்ணுக்குப் புரியவில்லை. கால் எங்கே என்று தேடித் தேடி, டிவியில் இருக்கிற ஆள் முழங்காலை மடித்துக்கொண்டு வலிப்பு வந்தவன்போல் துள்ளினான். "கை கால் இருந்தா போதும்னியே, அது வெளிய தெரியணும்னு சொல்லலியே" என்று நான் வாரினேன். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டச் சொன்னான், சரியாயிற்று. புடவைக்காரிகளுக்காக நானே இரண்டு தொளதொள பேண்ட் தைத்துக் கொடுத்தேன்.

இருந்தும் கூட்டம் சேரவில்லை. வெயில், பவர் கட் வேறு. வந்தவர்களும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "காத்துல கைய வீசுறான், பைத்தியம்" என்று போனார்கள். படுகளத்துக்கு ஒரு நாள்தான் பாக்கி.

அன்று காலை அவன் நெடுமாறனைக் கூப்பிட்டு வந்தான்.

நெடுமாறன் சிங்கவரத்துப் பையன், டிராக்டர் ஓட்டுகிறவன், நிலைப்படியில் குனிந்துதான் நுழைய முடியும். அந்த வருஷம் கூத்தில் பீமன் வேஷம் அவனுக்கு. மறுநாள் படுகளத்தில், களிமண்ணால் செய்து படுக்கவைத்திருக்கும் துரியோதனன் தொடையில் கதையால் அடித்துப் பிளக்க வேண்டியவன். கையில் மஞ்சள் காப்பு கட்டியாயிற்று. காப்பு கட்டின பீமன் படுகளம் வரைக்கும் கையில் ஆயுதம் எடுக்கக்கூடாது என்று எங்கள் கோயிலில் ஒரு கட்டு உண்டு. வாழைத்தார் வெட்டக்கூட அவனை விடமாட்டார்கள். அடிக்கிற சாமி உடம்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, சும்மா அதைக் கிளறக்கூடாது என்பார்கள்.

நான் எழுந்து போய்த் தடுத்தேன். "வீரமணி, வேணாம். காப்பு கட்டனவன்டா."

"கையில இன்னாக்கா குடுக்குறேன்? ஒண்ணுமே இல்லியே. வெறுங்கை. காத்தத்தான அடிக்கப் போறான். பீமன் ஆடுறான்னா ஊரே வரும்."

கட்டுக்கு இப்படி ஒரு சந்து இருப்பது அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. கூட வந்த கோயில் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும் யோசித்து, "ஆயுதம் இல்லன்னா தப்பில்ல" என்றார்கள். நான் வழிவிட்டு நின்றேன்.

ஊர் வந்தது. தெரு அடைத்துக்கொண்டு நின்றது. வீரமணி குத்துச்சண்டை ஆட்டம் போட்டான். நெடுமாறன் கையை வீச வீச டிவியில் இருந்தவனும் வீசினான். சனம் சிரித்தது, விசிலடித்தது. வீரமணி வாசலில் நின்ற மஞ்சுவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் நெடுமாறன் தோற்றான். எதிரில் இருந்த பொம்மைக்காரன் அவனை மூன்று முறை கீழே தள்ளினான். கடைசியில் கிடந்தவனுக்கு மேலே நின்று, இரண்டு கையையும் தூக்கி, தொடையைத் தட்டிக் காட்டினான். எந்த நாட்டில் எவன் அந்தப் பொம்மையைச் செய்தானோ, தொடை தட்டினால் எங்கள் பக்கத்தில் யார் ஞாபகம் வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும். கூட்டத்தில் ஒருத்தன் வேறு, "பீமன் செத்தான்டா" என்றான்.

நெடுமாறன் திரும்பினபோது அவன் கண்ணில் கறுப்பு இல்லை. மூச்சு மாடு சீறுவதுபோல் வந்தது. "துரியோதனா" என்று ஒரு சத்தம் போட்டான். வாசலோரம் ஷட்டரை இழுக்கிற இரும்புக் கொக்கிக் கம்பி சாத்தியிருந்தது. அதை எடுத்துவிட்டான்.

முதல் அடியில் டிவி போயிற்று. திரும்பி வீசியதில் கோயில் ஆள் ஒருவரின் தோள்பட்டை உடைந்து அவர் சுருண்டார். கூட்டம் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடியது. ஒரு பெண்ணின் நெற்றி பிளந்து ரத்தம் என் வாசற்படி வரை தெறித்தது. நான் மஞ்சள் தண்ணீருக்கு ஓடினேன், அருள் வந்தவனைத் தணிக்க அதைத்தான் ஊற்றுவார்கள். குடம் காலி. அடிபம்பில் தண்ணீர் பிடித்து மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தபோது கம்பி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

ஊரையே அடித்தவன் வீரமணி. ஒரே குத்தில் நெடுமாறனை மடக்குவான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவன் அடிக்கவில்லை. குப்புற விழுந்து பெட்டியை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டான், வலது கையை விரித்து அந்தக் கண்ணின் மேல் மூடிவைத்தான். கம்பி கையின் மேல் இறங்கியது. அவன் கையை எடுக்கவில்லை. மறுபடி இறங்கியது, மறுபடியும். எலும்பு நொறுங்குகிற சத்தத்தை நான் கேட்டேன். இன்றைக்கும் யாராவது முறுக்கு கடித்தால் எழுந்து போய்விடுகிறேன்.

தண்ணீரை முகத்தில் கொட்டினேன். நெடுமாறன் கம்பியைப் போட்டுவிட்டு நின்றான், தூங்கி எழுந்தவன் மாதிரி. கீழே பார்த்தான். பிறகு அலறினான்.

ரவிக்கைக்கு வைத்திருந்த லைனிங் துணி மொத்தத்தையும் சுற்றித்தான் வீரமணியை ஆட்டோவில் ஏற்றினோம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். போலீஸ் வந்து கேட்டதற்கு, "ஷட்டர் விழுந்துச்சு" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலோடு சேர்த்து அவனை உலுக்கியிருப்பேன்.

"சாமி அடிச்சதுக்கு யார் மேலக்கா கேசு போடுவ? போட்டா கடைக்கு சீல் வெப்பான்" என்றான். பிறகு மஞ்சு பக்கம் திரும்பி, "பொட்டி?" என்று கேட்டான்.

மஞ்சு கட்டுப் போட்ட கையின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். "நல்லா இருக்குது. கண்ணும் நல்லா இருக்குது. உன் கைதான் இல்ல" என்றாள்.

மறுநாள் படுகளத்தில் வேறு ஒருத்தன் துரியோதனனை அடித்தான். தவணையும் அன்றோடு முடிந்தது. விழுப்புரத்துக்காரன் வேனோடு வந்தான். மஞ்சு அவனை வாசலிலேயே நிறுத்தி, "கையக் குடுத்து வாங்குன பொட்டி இது. போய்யா" என்று திருப்பியனுப்பினாள். வீட்டு டிவியை அவளே தலையில் தூக்கிவந்து கடையில் வைத்தாள். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஷட்டரைத் திறந்தாள்.

முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். ரத்தம் எங்கே தெறித்தது என்று காட்டச் சொல்லிவிட்டு, வந்தது வந்தோம் என்று கையை வீசிப் பார்த்தார்கள். பிறகு அதற்காகவே வந்தார்கள். தொண்டூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். நாற்று நடுகிறவர்கள் நான் தைத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி குத்தினார்கள். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து சர்பத் குடித்துவிட்டுப் போனார்கள், ஒரு கைகலப்பு கிடையாது. என் சுவர் காலண்டர் ஆடவே இல்லை. அந்தக் கடங்காரன் சொன்னது அத்தனையும் பலித்தது.

வீரமணி மட்டும் ஒரு நாளும் அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். ஆள் இல்லாத நேரத்தில் மொட்டைக் கையைச் சுவரில் இடிப்பான், வலிக்கிற வரைக்கும். எனக்குக் கேட்கும்.

ஆடி மாசம் ஒரு பகலில் நெடுமாறன் வந்து வாசலில் நின்றான். இளைத்துப்போயிருந்தான். நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்தேன், பொய் சொல்லவில்லை.

"அண்ணா" என்றான்.

வீரமணி ஸ்டூலை விட்டு எழுந்தான். "உள்ள வா. பக்கத்துல நில்லு" என்றான். மஞ்சுவிடம் குத்துச்சண்டை ஆட்டத்தைப் போடச் சொன்னான்.

இரண்டு பேரும் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள். அது முதலில் நெடுமாறனைப் பிடித்துக்கொண்டது. வீரமணியைத் தேடியது. லுங்கிக்காரனின் காலே புரியாத கண், இவனை என்ன செய்யும்? கை கால் இருந்தா போதும் என்று சொன்னவனையே அது வேண்டாம் என்றுவிட்டால்?

டிவியில் ஆள் வந்தான். இரண்டு கையோடு வந்தான். இல்லாத கையை அதுவாகவே ஊகித்துச் சேர்த்திருந்தது. வீரமணி மொட்டைக் கையை மெல்லத் தூக்கினான். உள்ளே சிவப்பு உறை போட்ட வலது முஷ்டி எழும்பியது. மஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் அடித்தான். உள்ளே நெடுமாறனின் தலை பின்னால் தெறித்தது. மறுபடி அடித்தான். நெடுமாறன் கையைத் தொங்கவிட்டுத் தலையைக் குனிந்தபடி நின்றான், உள்ளே அவன் விழுந்து விழுந்து எழுந்தான். அடி, இன்னும் அடி என்று என் மனசு சொல்லியது. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"கையத் தூக்குடா" என்றான் வீரமணி. "நீ வாங்கிக்கினு நின்னா எனக்கு எப்டிடா தீரும்?"

நெடுமாறன் அழுதுகொண்டே கையைத் தூக்கினான். அடித்துக்கொண்டார்கள். வேர்வை தரையில் சொட்டியது. யாரும் விசிலடிக்கவில்லை.

அப்போது கரண்ட் போயிற்று. டிவி கறுத்தது, ஃபேன் நின்றது. நெடுமாறன் கையை இறக்கிவிட்டான். வீரமணி இறக்கவில்லை. கறுத்த டிவிக்கு முன்னால், மணிக்கட்டோடு முடிந்த அந்தக் கையால் காற்றை அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மஞ்சு போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.