பதினான்கு பங்கர்களும் ஒரு மாடசாமியும்

1. போ... போ...

கோல்ஃப் மைதானம் வடிவமைக்கிற தொழிலில் பெயர் எடுப்பது எப்படி என்று இப்போது சில பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் என் பெயரை முதன்முதலில் சத்தமாக வாசித்தவர் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யுத்த காலம். கண்டியிலிருந்து புசல்லாவைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் பிளான் சுருட்டிய நீளக் குழாய். கம்பளைக்கு முன்னால் ஒரு செக் பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். சார்ஜன்ட் குழாயைத் திறந்து பிளானை ஜீப்பின் பொனட்டில் விரித்தார். மலையின் உயரக் கோடுகள், அளவுகள், வடக்குக் குறி. நடுவில் சிவப்பு மையில் BUNKER 1 என்று தொடங்கி BUNKER 14 வரை. கீழே மூலையில் என் முழுப் பெயர்: பெ. மாடசாமி. சார்ஜன்ட் அதை வாசித்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கோல்ஃபில் பங்கர் என்றால் பந்தை மாட்டவைக்கும் மணல் பள்ளம். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பங்கர் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மே மொகத்த?" என்றார். இது என்ன என்கிறார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கண்டி மார்க்கெட்டில் கரட் விலைக்குச் சண்டை பிடிக்கிற அளவுக்கு வரும். 'பந்து விழுகிற இடம் சேர்' என்று சொன்னால் போதும். பந்துக்குச் சிங்களத்தில் போலய, வெடிகுண்டுக்கு போம்பய. நான் வாயைத் திறந்தேன். "போ... போ... போ..." என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சார்ஜன்ட் இரண்டு அடி பின்னால் போனார். பஸ்ஸில் வந்தவர்கள் பத்து அடி போனார்கள். எனக்கும் போக ஆசைதான். என்னை விட்டு நான் எங்கே போவது?

ஸ்டேஷனில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். என்னை மீட்க ஹாஜியார் வந்தார். அவர்தான் முதலாளி. கண்டியில் புடவைக் கடை வைத்திருந்தவர், புசல்லாவைக்கு மேலே கைவிட்ட தேயிலை மலையொன்றை வாங்கி ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். ஹோட்டலோடு ஒன்பது ஹோல் கோல்ஃப்.

"சேர், இது பந்து வெளாட்ற எடம்" என்றார் ஹாஜியார், சிங்களத்தில்.

"பந்து விளையாட பங்கர் எதுக்கு?" என்றார் சார்ஜன்ட்.

"அது எனக்கும் வெளங்கல்ல சேர். இவர்தான் போட்டிரிக்கார்."

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். நான் ஒரு வாரம் கழித்துச் சிரித்தேன்.

2. பிளேடு

காரில் வரும்போது ஹாஜியார் சொன்னார்: "தம்பி, அந்தச் சொல்ல மாத்துங்க."

"சரி ஹாஜியார்."

"பேரயும் மாத்துங்க."

"என் பேரையா?"

"வெள்ளக்காரன் வந்து மாடசாமிட கோல்ஃப் எண்டா வெளாடுவானா? எம். சாம் எண்டு போடுங்க. கேக்கவே கோல்ஃப் மாதிரி இரிக்கி. ஹோட்டலுக்குக் காசு போட்ட கொழும்புப் பங்காளி வேற வெளிநாட்டு ஆள் ஒருத்தர்ட பேரப் போடச் சொல்லி நிக்கிறார். சாம் எண்டா அவர் வாய மூடுவார்."

வெளிநாட்டு ஆள் என்றது ஓர் ஆலோசகர். மலையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தார். நானோ ஒரு நில அளவையாளரிடம் படம் வரைகிற வேலையில் இருந்தவன். அதே மலையில் என் அப்பா கான் வெட்டியிருக்கிறார். கான் என்றால் மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் போவதற்குத் தேயிலைக்கு நடுவே குறுக்கே வெட்டுகிற வாய்க்கால். எந்தக் கான் எங்கே நிரம்பும், எங்கே உடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் பதினான்கு பங்கரும் கான்களை விட்டு விலகித்தான் இருந்தன. அது என் முதல் மைதானம். அதில் என் பெயர் இல்லாவிட்டால் நான் மறுபடியும் படம் வரைகிற பையன்தான்.

இவ்வளவும் தெரிந்தும் என்ன செய்தேன்? அம்பிட்டியவில் என் வாடகை அறைக்குப் போய் சவர பிளேடை எடுத்தேன். டிரேசிங் தாளில் மையைப் பிளேடால்தான் சுரண்டுவோம். மாடசாமியைச் சுரண்டினேன். எம். சாம் என்று எழுதினேன். பதினான்கு BUNKER-ஐயும் சுரண்டிவிட்டு, எந்தப் பொலிசும் சந்தேகப்படாத சொல்லாக, அழகான தமிழில் 'குழி' என்று எழுதினேன். குழி 1, குழி 2 என்று பதினான்கு வரை. பிளானை ஹோட்டல் லொறியில் மலைக்கு அனுப்பிவிட்டு, காய்ச்சல் என்று படுத்தேன். தெர்மோமீட்டர் காய்ச்சல் இல்லை என்றது. உதறி மறுபடி வைத்தேன். மறுபடியும் இல்லை என்றது. இப்படி நான்கு நாள்.

3. கன்று எங்கே?

ஐந்தாம் நாள் காலையில் மலைக்குப் போனேன். வேலையாள்களின் தலைவர் முத்தையா கங்காணி கேட் வாசலிலேயே நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க சின்ன தொரை. ஒடம்பு எப்படி? வேலை முடிஞ்சுது."

"எந்த வேலை?"

"வந்து பாருங்க."

பார்த்தேன். பங்கர் வரவேண்டிய பதினான்கு இடத்திலும் கயிறு பிடித்த மாதிரி வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குக் குழி நாலடி. ஆழம் ஒன்றரை அடி. எல்லாம் ஒரே அளவு.

"கன்னு எப்ப வருது?" என்றார் கங்காணி.

"என்ன கன்னு?"

"குழின்னு போட்டிருந்துச்சு. வெட்டிட்டோம். இனி கன்னு வச்சிற வேண்டியதுதானே?"

தோட்டத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தோட்டத்தில் குழி என்றால் தேயிலைக் கன்று நடுகிற குழி. வேறு அர்த்தமே கிடையாது. பயத்தில் நான் அதைக்கூட மறந்திருந்தேன்.

"அண்ணே, தேயிலையைப் புடுங்கினதே நீங்கதானே. திரும்ப நடுவோமா?"

"நாங்க என்னத்தக் கண்டோம்? தேயிலையப் புடுங்கிட்டு டீ வைக்கிறோம்னீங்க. பந்து அடிக்கிற மேடைக்குப் பேரு டீயாம். சரின்னு வச்சோம். இப்ப குழின்னதும், அப்பாடா, தொரைக்குப் புத்தி வந்திருச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம். அதான் நாலே நாள்ல முடிச்சோம்."

இதற்குள் கார் வந்தது. ஹாஜியார் இறங்கினார். கூடவே கொழும்புப் பங்காளி. மலையைப் பார்த்தார்கள். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

"எனத்த இது?"

பங்காளி பிளானை வாங்கிப் பார்த்தார். "யார் இந்த எம். சாம்?"

ஹாஜியார் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவன் வேலைய விட்டுட்டுப் போயிட்டான்" என்றார். நல்ல மனுஷன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் மூச்சு வந்தது. ஒரு நிமிஷம் அந்தச் சாம் மீது எனக்கே கோபம் வந்தது. இப்படியா ஒருத்தன் பொறுப்பில்லாமல் வேலை செய்வான்?

பங்காளி விடவில்லை. "சாம் என்ன எழுதினாலும் இவங்களுக்கு மூளை இல்லையா? தோட்டத்து ஆக்களுக்கு வாசிக்கத் தெரியாது, அதான் பிரச்சினை."

முத்தையா கங்காணியின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. அவர் மண்வெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அதைப் பார்த்ததும் என் நான்கு நாள் காய்ச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. கால் நடுங்கியது. வாய் நடுங்கவில்லை.

"வாசிச்சாங்க சேர். எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாம வாசிச்சாங்க. எழுதினவன்தான் பயந்தாங்கொள்ளி. சாம்னு ஒருத்தனும் இல்ல. எழுதினது நான். என் பேர் மாடசாமி."

ஹாஜியார் தலையில் கை வைத்தார்.

"அப்ப நீங்க போகலாம்" என்றார் பங்காளி. "வெளிநாட்டு ஆள்ட பிளான் இருக்கு."

"போறேன். அந்தப் பிளானையும் கொண்டாங்க. அதுல அஞ்சாவது பங்கர் எங்க இருக்குன்னு கங்காணிகிட்டக் காட்டுங்க. அவர் வாசிப்பார்."

காரிலிருந்து அந்தப் பிளான் வந்தது. கங்காணி மெதுவாகக் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

"இது பெரிய கான் வந்து விழுற வாய்" என்றார். "இங்க மணலப் போட்டா ஒரு மழைக்கு மணல் கீழ ரோட்டுல கெடக்கும். பள்ளத்துல மீன் வளக்கலாம்."

ஹாஜியார் முதலில் சிரித்தார். பங்காளி சிரிக்கவில்லை. ஆனால் நடந்து போய் அந்த இடத்தைப் பார்த்தார். செருப்பு சேற்றில் புதைந்தது. திரும்பி வந்து, "ஒரு மாசம்" என்றார்.

"ஒரு மாசம் போதும். பிளானை என் பேர்லதான் திருத்துவேன்."

"மாடசாமி எண்டா?" என்றார் ஹாஜியார் பலவீனமாக.

"மாடசாமின்னுதான்."

அங்கேயே கார் பொனட்டில் வைத்து, குழி என்ற சொல்லை எல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு BUNKER என்று எழுதினேன். கீழே முழுப் பெயர். கங்காணிக்கும் ஆள்களுக்கும் பங்கர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து விளக்கினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. வெட்டிய குழிகளை உடைத்துப் பள்ளமாக்க ஒன்றரை வாரம். நானும் மண்வெட்டி பிடித்தேன். என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு பென்சில்தான் தொரை சரி" என்றார் கங்காணி.

4. பெயர் எடுப்பது பற்றி

மைதானம் திறந்தது. முதல் பெரு மழைக்குப் பதினான்கு பங்கரிலும் மணல் அப்படியே இருந்தது. ஸ்கோர் கார்டு அச்சுக்குப் போகும்போது ஹாஜியார் கடைசியாக ஒருமுறை, "எம். சாமி எண்டாவது போடுவமா?" என்றார். முடியாது என்றேன். அச்சில் வந்தது. வெள்ளைக்காரர்கள் மாடசாமி என்று வாசிக்க முடியாமல் திணறினார்கள். விளையாட ஒருத்தரும் திணறவில்லை.

பிள்ளைகளே, ஊருக்குள் முதலில் பரவியது மழைக்கு நின்ற பங்கர் கதை இல்லை, குழிக் கதைதான். நாவலப்பிட்டி வரை சிரித்தார்கள். ஒரு வருஷம் கழித்து இன்னொரு தோட்டத்திலிருந்து கோல்ஃப் போட வேண்டும் என்று ஒருவர் டெலிபோன் எடுத்தார். "நீங்கதானா அந்தக் குழி வெட்டின மாடசாமி?" என்றார்.

"ஆமா. பதினாலு இடத்துல. நாலடிக்கு ஒண்ணு" என்றேன்.

"பிழையை ஒத்துக்கிட்ட ஆளாமே. அதான் எடுத்தேன்."

அந்த வேலை கிடைத்தது. அதற்குப் பிறகும் கிடைத்தது. எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான். பெயர் எடுக்க வேண்டுமென்றால் முதலில் பெயரைப் போட வேண்டும். நல்லதற்கு மட்டும் போட முடியாது. சுரண்டி எடுக்கச் சொல்லி ஆள் வருவார்கள், அதில் பாதிப் பேர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்வார்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும். பிளேடை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.