குளவிக் கால் அளந்த வேலை

நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். பத்தாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் ரேஷன் கடையிலும் பேங்கிலும் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பேச எனக்கு வராது. அப்படிப்பட்டவள் மைக்ராஸ்கோப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றால் படித்தவர்களுக்குச் சிரிப்புதான் வரும். சிரித்துவிட்டுப் போகட்டும், பழகிவிட்டது. தப்பு இருந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் ஆயா வேலை. பெருக்கித் துடைப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, துறைக்கு என்று இருக்கும் இரண்டு கழிவறைகளைக் கழுவுவது. இதில் கடைசி வேலையிலிருந்து இரண்டு வருஷத்துக்குமேல் எனக்கு விடுதலை கிடைத்திருந்தது. காரணம், ஜன்னல் ஓரத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் இருந்த ஒரு ஸ்டூல்.

அந்த ஸ்டூலுக்கு என்னைக் கூப்பிட்டது எங்கள் துறைப் பேராசிரியை. எல்லோரும் மேடம் என்போம். அவரிடம் ஒரு தம்பி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். வயலில் கிடைக்கிற ஒரு குட்டிக் குளவியைப் பற்றிய ஆராய்ச்சி. வெறும் கண்ணுக்கு அது ஒரு புள்ளி. நெற்பயிரைக் கெடுக்கிற பூச்சி இடும் முட்டைக்குள்ளே இது தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே பிறக்கிற புழு, அந்த முட்டையை உள்ளிருந்தே தின்று தீர்த்து, குளவியாகி, ஓட்டில் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். மருந்து அடித்த வயலில் வருகிற குளவி, அடிக்காத வயலில் வருவதைவிடச் சிறுத்துப்போகிறதா என்பதுதான் தம்பியின் கேள்வி. அதற்குக் குளவியின் பின்னங்காலை, முழங்காலுக்குக் கீழே உள்ள துண்டை, அளக்க வேண்டும்.

தம்பி அளந்ததையே இன்னொருவரும் அளக்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். படிக்கிற பெண்கள் இருவரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். சலித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒருநாள் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, என்னைக் காட்டி மேடம் தம்பியிடம் சொன்னார்:

"இவளை உட்கார வை. நம்பர் தெரியும், வேற ஒன்னும் தெரியாது. நமக்கு அதான் வேணும். எந்த வயல் பூச்சின்னு புரிஞ்சவங்க பார்த்தா, மனசு எதை நினைக்குதோ அந்த நம்பர்தான் வரும். இவ மனசுல என்ன இருக்கப்போகுது?"

எனக்கு அது பாராட்டாகவே பட்டது. துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வேலையை மேடமே சொல்லிக்கொடுத்தார், பொறுமையாக. பார்க்கிற லென்ஸுக்குள் கோடு போட்ட ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறாகக் கீறிய இன்னொரு கண்ணாடியைக் கீழே வைத்து, மேலே உள்ள ஒரு கோட்டுக்கு எவ்வளவு என்று தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும். கீழ் லென்ஸை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். காலின் இரண்டு முனையும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு முனை தெளிந்து மறுமுனை மங்கினால் கால் சாய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். சாய்ந்த கால் குட்டையாகக் காட்டும், அளக்கக் கூடாது. ஊசியால் அதைப் படுக்க வைக்க வேண்டும். கோட்டை நகர்த்துகிற திருகில் கொஞ்சம் ஆட்டம் இருப்பதால் எப்போதும் ஒரே பக்கமிருந்தே திருகிக் கோட்டைச் சேர்க்க வேண்டும். ஸ்லைடை எடுத்துவிட்டு மறுபடி வைத்து, மூன்று முறை பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வழக்கம் இருந்தது. பார்க்கிறவர் எழுதக் கூடாது, எழுதுகிறவர் பார்க்கக் கூடாது. நான் எண்ணைச் சொன்னால் எழுதுகிறவர் 'ம்' என்றுகூடச் சொல்லக் கூடாது. அந்த 'ம்' கொஞ்சம் இழுத்து வந்தால் அடுத்த எண் அதற்கேற்ப வளையும் என்பார் மேடம். அதனால் அந்த மூலையில் என் குரல் மட்டும்தான் கேட்கும். வாழ்நாளெல்லாம் பேசக் கூச்சப்பட்டவளுக்கு இது ஒரு விசித்திரமான சுகம். நான் பேசுவேன், யாரும் பதில் பேச மாட்டார்கள். குளவியும் என்னைத் திரும்பிப் பார்க்காது.

இரக்கமெல்லாம் எனக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிட்டில் செத்த குளவி காலை மடக்கிக்கொள்ளும். ஊசிமுனையால் பிரித்து நீட்டுவேன். சிலசமயம் கால் கழன்று வந்துவிடும். கழன்ற கால் அளக்க இன்னும் வசதி.

முதல் மாதத்தில் ஒருமுறை, ஸ்லைடில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். மேடம் வந்து பார்த்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்த காலைக் காட்டினார். "இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் எதுக்கு? ஸ்டூலே சொல்லுமே," என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் 'இல்லை' என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. மூலை மூலையாகத் தேடி எதையாவது கண்டுபிடித்துவிடுவேன்.

போன வருஷக் கடைசியில் என் எண்களுக்கும் தம்பியின் எண்களுக்கும் இடைவெளி விழ ஆரம்பித்தது. தம்பிக்கு ஆராய்ச்சிப் புத்தகம் சமர்ப்பிக்க வேண்டிய நேரம். என் எண்களைச் சேர்த்தால் இரண்டு வயல் குளவிகளும் ஒரே அளவாகிவிடுகின்றன என்று அவர் புலம்புவது கேட்டது.

"யக்கா, ஒழுங்கா பாக்குறியா, இல்ல தூங்கிக்கினு சொல்றியா?"

"பாத்துதான் சொல்றேன் தம்பி."

"இன்னாத்த பாத்த? நேத்து ஒன்னு சொல்ற, இன்னிக்கு ஒன்னு சொல்ற."

மேடம் கொஞ்சம் ஸ்லைடுகளைத் தானே எடுத்து அளந்து பார்த்தார். சிலவற்றில் தம்பி தப்பு, பலவற்றில் நான் தப்பு. அதை அவர் கோபப்படாமல்தான் சொன்னார். எனக்குக் கழிவறை வாளியின் நாற்றம் மூக்கில் வந்தது. ஸ்டூல் போனால் திரும்ப அங்கேதான்.

பிறகு ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் மேடம் கூப்பிட்டார். "ஒரே ஒரு ஸ்லைடு பார்த்துடும்மா." தம்பி ஸ்லைடை வைத்தார். படிக்கிற பெண்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். தம்பி கையில் போன் இருந்தது. யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம் என்பதால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

கண்ணை வைத்தேன். முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மூலை மூலையாகத் தேடினேன். வலது பக்கம் கொஞ்சம் கீழே ஒன்று கிடந்தது. மெலிசாக, சாம்பல் நிறத்தில், ஒரு முனை லேசாக வளைந்து. கால்தான். கோட்டை அதன் ஓரத்துக்குக் கொண்டுபோனால் அது மெல்ல நழுவிக் கீழே இறங்கியது. திருகினேன். மறுபடி நழுவியது.

"நழுவுது மேடம்," என்றேன்.

"புடி. உடாத," என்றார் மேடம். பின்னால் ஒரு பெண் இருமினாள்.

ஸ்லைடில் தண்ணீர் அதிகமாகிவிட்டது போல, அதனால் மிதக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை அசைக்காமல், மூச்சை அடக்கி, அது ஒரு நொடி நின்றபோது கோட்டைச் சேர்த்தேன்.

"பதினொன்னரை."

"இன்னொரு தரம்."

ஸ்லைடை எடுத்து வைத்தேன். தேடினேன். கிடைத்தது. "பன்னெண்டு."

"மூணாவது தரம்."

"பதினொன்னரை மேடம்."

"அடடா, மூணும் கிட்டக் கிட்ட வருதே," என்ற மேடம் ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து என் கையில் கொடுத்தார். "வெறும் கண்ணாடிம்மா. காலையில நானே கழுவி வெச்சது."

சிரிப்பு வெடித்தது. தம்பிதான் ஆரம்பித்தார்.

"யக்கா புதுசா ஒரு இனத்தையே கண்டுபுடிச்சுது மேடம். பேர் வெச்சிடலாம்."

"ஆயா, இறக்கை இருந்துச்சா?" என்றாள் ஒரு பெண்.

நான் அதற்கும் பதில் சொன்னேன். "இறக்கை தெரியலம்மா. காலு மட்டுந்தான் இருந்துச்சு."

அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் சிரிக்கிறபோது நான் மட்டும் உம்மென்று நிற்பது மரியாதையில்லை என்று தோன்றியதால் நானும் சிரித்தேன். வீடியோவில் என் சிரிப்பும் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் துறை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அந்தக் குரூப்பில் நானும் இருக்கிறேன், எந்த அறையைக் கூட்ட வேண்டும் என்று அதில்தான் சொல்வார்கள்.

நான் பார்த்தது என்ன என்று பல வாரம் கழித்துக் கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண்ணுக்குள் கூழ் மாதிரி ஒன்று இருக்கிறதாம். வயது ஏற ஏற அதில் நூல் நூலாகத் திரியுமாம். அதன் நிழல்தான் தெரியுமாம். பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியுமாம். கண்ணை அசைத்தால் கூடவே ஓடுமாம், அசைக்காமல் வைத்தால் மெல்லக் கீழே இறங்குமாம். இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். வலது கண்ணிலும்தான். என் கண்ணுக்குள் இருந்ததை நானே மூன்று முறை அளந்திருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. சிரிப்பு அடங்கியதும் மேடம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காத. உன் மேல தப்பில்ல. கண்ணு அவ்ளோதான். இனிமே அந்த இடத்துல வேற பொண்ணு உட்காரட்டும். உன் நம்பரையெல்லாம் எடுத்துடறோம்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய மனுஷரை எதிர்த்துப் பேசினேன். "இப்ப எடுத்தது வேணா கெட்டுப்போயிருக்கும் மேடம். மொத வருசத்துது நல்லாத்தான இருந்துச்சு? நீங்களே சொன்னீங்களே."

"சொன்னேன். ஆனா எந்த நாள்லேர்ந்து கெட்டுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது. அப்ப முதல் நாள்லேர்ந்தே கெட்டதுன்னுதான் வெச்சுக்கணும்."

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், அவர் சொன்னது சரிதான். இரண்டு வருஷத்துக்குமேல் நான் வாய்விட்டுச் சொன்ன எண்களில் ஒன்றுகூட எங்கேயும் இல்லை.

தம்பி என் பக்கத்தில் வந்து, "ஃபீல் பண்ணாத யக்கா, சும்மா ஜாலிக்குத்தான்," என்றார். "உன்னால என் புக்கு தப்பிச்சுது பாரு." அவர் முகத்தில் உண்மையாகவே நிம்மதி இருந்தது. மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டு மூடினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், பட்டு எடுக்க வந்த கல்யாணக் கூட்டம் ஒன்று சிரித்துக்கொண்டே வந்தது. நான் முன்பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

மறுநாள் வழக்கமான பஸ்ஸில் போனேன். கழிவறைகள் இரண்டையும் கழுவினேன். மதியம், புதிதாக ஸ்டூலில் உட்கார்ந்த பெண் லென்ஸ் துடைக்கிற துணி எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.