அம்மாவுக்கு வாங்கிய பட்டர்

“ஒரு தட்டு வாங்கறதுக்கு இவ்ளோ படிக்கணுமா லா?” என்று அண்ணன் சிரித்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். படித்துப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டேன். அம்மா அப்போதுதான் ஈப்போ பூங்காவில் வட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்கியிருந்தார். அந்தக் கூடைக்குள் அருகிலிருந்து எறிகிற வட்டுக்குப் பட்டர் என்று பெயர். மூன்று வாரம் இணையத்தில் தேடி, பலரும் புகழ்ந்த கெட்டியான, கனமான ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

“என் மக படிச்சுப் பாத்து வாங்கினது,” என்று எல்லாரிடமும் காட்டினார் அம்மா. எறிந்தது எதுவும் கூடையில் விழவில்லை. இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு, “எனக்கெல்லாம் இது சரிவராது. இன்னையோட போதும்,” என்றார்.

நான் தண்ணீர் வாங்கப் போய்த் திரும்பியபோது சங்கிலி கலகலத்தது. அம்மா குதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆடிய சீனப் பெண்ணின் பழைய, மெத்தென்ற பட்டரை எறிந்திருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏம்மா சொல்லல?”

“நீ வாங்கினது வழுக்குதுடி. விரல் மடங்க மாட்டேங்குது. ஆனா அவ்ளோ ஆசையா வாங்கினியே, எப்படிச் சொல்ல?”

எத்தனையோ வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய விரல்கள் அவை. அத்தனையும் படித்த நான், அந்தக் கையை ஒருமுறைகூடப் பிடித்துப் பார்க்கவில்லை.

நேற்று அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனேன்.

“எதுடி நல்லது?” என்று என்னைத்தான் கேட்டார்.

“நீங்கதான்மா சொல்லணும்,” என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.