அம்மா தெரிந்தெடுத்த சன்னம்

பித்தளைக் கோதுகள் வால்நட் ஓட்டுத் தூளுக்குள் உருண்டு மெருகேறும் கரகரப்பு, நவம்பர் நெருங்கினால், புலம்பெயர்ந்து வந்து வாங்கிய எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுச் சமையலறைத் தரை வழியாக என் பாதங்களுக்கு ஏறும். கீழே பேஸ்மென்றில் அப்பா மான்வேட்டைக்கான ரவைகளைத் தானே செய்துகொண்டிருப்பார்: சுட்டு வெறுமையான கோதைத் துப்புரவாக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, அதன் வாயில் புதிய சன்னத்தை இறுக்குவார். பறந்துபோய்ப் படுகிற அந்த முனைத்துண்டைத்தான் நாங்கள் ‘சன்னம்’ என்போம். அம்மா மட்டும் அந்தப் படியில் கால் வைக்கமாட்டார். ஊரில் சண்டைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர் அவர்.

எனக்குப் பத்து வயதான வருடம், அப்பாவும் அவருடைய வேட்டைக் கூட்டாளி சேவியர் அங்கிளும் வடக்கே போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்பாவின் சன்னம் தோளில் பட்டும் மான் விழாமல் ஓடிவிட்டதாம். பொழுதுபடும்வரை இரத்தச் சொட்டுகளைப் பார்த்து நடந்தும் அது கிடைக்கவில்லை. அப்பா சோற்றைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, முதல்முறையாகக் கீழே இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. அப்பா பாவித்தது பாரம் குறைந்த, வேகமான சன்னம். பயிற்சித் திடலின் கடதாசிக் குறியில் ஐந்தும் ஒரே இடத்தில் குத்தும் என்று அவருக்குப் பெருமை. மற்றது பாரமானது, செப்பு உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டியது. திடலில் சற்றே விலகி விலகிப் படுகிறது என்று ஒதுக்கி வைத்திருந்தார். அம்மா இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, பாரம் குறைந்ததை நீட்டினார்.

“இஞ்சாருங்கோ, உது எலும்பிலை பட்டவுடனை சிதறும். வெளியிலை பெரிய காயம், உள்ளுக்குப் போகாது. நான் எத்தினை பேருக்குத் துண்டு துண்டாக் கிள்ளி எடுத்தனான்.”

“கடதாசியிலை உதுதான் வலு நேராப் போகுது, ரீற்றா.”

“கடதாசிக்கு நோகாது.”

மறுநாள் வந்த சேவியர் அங்கிள்தான் சிரித்தார்: “அக்கா இனி வேட்டைக்கும் வருவாவோ?”

“சுட்டா அந்த இடத்திலையே உயிர் போகோணும். இல்லாட்டிச் சுடாதேங்கோ,” என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் அப்பா பாரமான சன்னத்துக்கு மாறினார். கைநூலைப் பார்த்து அதற்குரிய மருந்தளவை வைத்து, கோடை முழுவதும் திடலில் சோதித்தார். நவம்பரில் சேவியர் அங்கிள் சப்பாத்துச் சேற்றோடு எங்கள் சமையலறைக்குள் வந்து, அப்பா சுட்ட மானிலிருந்து எடுத்து ரிசுக் கடதாசியில் சுற்றிய ஒன்றை அம்மாவின் முன்னால் வைத்தார். காளான்போல் விரிந்த சன்னம்; ஓர் ஓரமும் உடைந்திருக்கவில்லை.

“நாலடி வைக்கேல்லை, அக்கா. விழுந்திட்டுது.”

அம்மா அதைத் தராசில் தானே வைத்து, நிறை அவ்வளவாகக் குறையவில்லை என்று கண்டு தலையை ஆட்டினார். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேட்டையை மறைத்தே வந்த நான், அந்தத் திங்கட்கிழமை வகுப்பு முழுவதற்கும் சொன்னேன், சன்னத்தைத் தெரிந்தெடுத்தது என் அம்மா என்று.

வெக்ஸ்போர்ட் வீட்டை விற்றாயிற்று. அப்பாவின் முழங்கால்கள் காட்டுக்கு விடுவதில்லை. அந்தச் சன்னத்தை இப்போது யாரும் செய்வதுமில்லை. இந்த வருடம் என் றைஃபிளுக்கு நானே வேறொன்றைத் தெரிந்தெடுத்து, இப்போது ரூஜ் பகுதியில் இருக்கும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எவ்வளவு கிட்டப் போவாய்?”

“நூறு மீற்றருக்கு அங்காலை எண்டால் சுடமாட்டன், அம்மா.”

“ஓம்,” என்றார். “அப்ப உனக்கு விளங்கியிருக்கு.”