தங்கமணி அம்மா தேடிக்கொண்டிருந்த பிள்ளை

பேளுக்குறிச்சியிலிருந்து தங்கமணி அம்மாவின் தம்பி போன வாரம் ஒரு காலையில் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க. ஆபீஸ்ல எல்லார்த்துக்கும் சொல்லிருங்க" என்றார். சொன்னேன். ஒவ்வொருவராக அழைத்துச் செய்தியைச் சொல்லிவிட்டு, மறுமுனையில் விழுந்த மௌனத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே காது கொடுத்துக் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பது, அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

கொல்லிமலையில் எங்கள் சிறிய அலுவலகத்தில் அவர் சமூக நல அலுவலர், நான் உதவியாளர். அவருடையது அடிவாரத்து விவசாயக் குடும்பம். கல்லூரிக்குப் போகும் முன்பே டிராக்டர் ஓட்டியவர். ஓட்டுநர் பணியிடம் காலியாகவே கிடந்ததால் ஆபீஸின் பழைய ஜீப்பையும் அவரே ஓட்டினார். வண்டி நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், "நின்னுபோச்சுன்னு சொல்லாதீங்க, எப்ப நின்னுச்சுன்னு சொல்லுங்க" என்பார். அழுதுகொண்டு புகார் சொல்ல வரும் பெண்களிடமும் அதே கேள்விதான். "அடிக்கறாருன்னு தெரியுது கண்ணு. எப்ப இருந்து அடிக்கறாரு, அதச் சொல்லு." அந்தப் பெண் யோசிப்பாள், அழுகை நிற்கும், அதன் பிறகுதான் அசல் விஷயம் வெளியே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பள்ளியில் படிக்கும் பெண்ணை மலைக்குக் கூட்டிவந்து, குண்டனி நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு சிறு கோவிலில் வைத்துத் தாலி கட்டப்போகிறது என்று தகவல் வந்தது. கீழே செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மேலே வந்திருந்தார்கள். அறையில் இருந்தவர்களிடம் மட்டும் அம்மா விஷயத்தைச் சொன்னார். காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். அவர்கள் வண்டி வேறெங்கோ போயிருந்தது. வந்ததும் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்ப இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்த நேரம் முழுக்க ஜீப் கொல்லைப்புறத்தில் தனியாக நின்றது.

இறக்கத்தில், ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், என்ஜின் அணைந்தது. அதோடு பிரேக் மிதியும் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு கால்களாலும் மிதித்தபடி அம்மா ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். மண்மேட்டில் முட்டி வண்டி நின்றது. என் பக்கத்தில் பள்ளம். கீழே மூடுபனி அசையாமல் கிடந்தது. அவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, அடி கிடி பட்டுச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சாவியைத் திருப்பினார். செல்ஃப் நன்றாக அடித்தது. என்ஜின் பிடித்தது, சற்று ஓடியது, திணறி நின்றது. மறுபடி திருப்பினால் உடனே பிடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திருப்பினால் பிடித்தது, பழையபடி நின்றது. போனில் சிக்னல் இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பிடிக்குதில்லீங்க மேடம்? அப்படியே ஓட்டிட்டுப் போயிரலாமே?"

"போற வழியில இன்னொருக்கா அணைஞ்சா, அங்க மண்மேடு இருக்கோணுமுங்களே."

பானெட்டைத் திறந்தார். டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார்; சுத்தமாக இருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினார். உள்ளே குமிழி விடும் சத்தம் கேட்டது. மாட்டி ஸ்டார்ட் செய்தார். முன்னைவிடச் சற்று அதிக நேரம் ஓடி, அணைந்தது. அவர் சேலைத் தலைப்பில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடுனா அடைக்குது. நின்னா வெலகிருது. குழாய்ல அழுக்கு இருந்தா இப்படி வெலகாதுங்க. டேங்குக்குள்ள என்னமோ மெதக்குது."

அந்த ஜீப்பில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். வாய் அகலமானது, நேராக உள்ளே இறங்கும். வண்டியில் கிடந்த ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். வெகுநேரம் துழாவினார். கடைசியில் கம்பியின் நுனியில் டீசல் சொட்டச் சொட்ட ஒரு துணி வந்தது. கோடு போட்ட, கையகலக் கிழிசல். என்ஜின் உறிஞ்சும்போதெல்லாம் அது போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அது வெறும் துணி. அம்மாவுக்கு அப்படி இல்லை. பிழிந்து, விரித்து, கோடுகளைப் பார்த்தார். அந்தக் கோடுகளை அவர் முன்பே எங்கோ பார்த்திருக்கிறார் என்று பட்டது. பிறகு அதை மடித்து இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு, "ஏறுங்க" என்றார். அதற்குப் பிறகு வண்டி ஒரு முறைகூட அணையவில்லை.

கோவிலில் யாரும் இல்லை. ஓமப் புகை இன்னும் அடங்கவில்லை. தரையில் மஞ்சள் அரிசியும் மிதிபட்ட சாமந்தியும். பூசாரி எங்கள் முகத்தைப் பார்க்காமல், "இப்பத்தானுங்க போனாங்க. வேன்ல" என்றார். படியோரம் பள்ளிக்கூடத்து ரிப்பன் ஒன்று கிடந்தது. அம்மா அதைக் குனிந்து எடுத்தார்.

வழக்குப் பதிவானது. வீடு பூட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். திருப்பூர் என்றார்கள், பெருந்துறை என்றார்கள். அம்மா இரண்டு இடத்துக்கும் போய் வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் மில் வாசல்களில் நின்று விசாரித்தார் என்று தம்பி சொல்கிறார். பெண் கிடைக்கவில்லை.

துணி யாருடையது என்று அவரிடம் கேட்டேன். "தெரியுமுங்க. சொன்னா நாளைக்கு நீங்க அவங்ககூட உக்காந்து சோறு திங்க மாட்டீங்க" என்றார். மேலிடத்துக்கு எழுதுங்கள் என்றேன். "ஒரு துணிய வெச்சு ஒருத்தர் பொழப்பைக் கெடுக்க முடியாதுங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதுமா, நிரூபிக்கோணுமில்ல?" அதற்குப் பிறகும் எல்லோரோடும் ஒரே மேசையில் டீ குடித்தார். ஆனால் எங்கே போகிறோம் என்பதை, ஜீப் கேட்டைத் தாண்டும்வரை என்னிடம்கூடச் சொல்வதில்லை. எனக்குத்தான் சோறு இறங்காமல் போயிற்று. எதிரே டிபன் பாக்ஸ் திறக்கும் ஒவ்வொரு கையையும் பார்ப்பேன்.

சிறுநீரகம் பழுதாகி அவர் படுத்த பின் நம்மில் பலரும் போய்ப் பார்த்தோம். நான் போனபோது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"அந்தத் துணிக்குச் சொந்தக்காரங்க நேத்து வந்தாங்க. பழமெல்லாம் வாங்கிட்டு வந்தாங்க. அந்தப் புள்ள எங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"போர்வையை இழுத்து விட்டுட்டுப் போயிட்டாங்க."

யார் என்று அப்போதும் நான் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்தன்று பழைய ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தோம். வரிசையில் நின்று ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டோம். அந்தத் துணியைப் போட்டவர் எனக்கு முன்னால் போனவர்களில் ஒருவர், அல்லது பின்னால் வந்தவர்களில் ஒருவர். அவர் அழுதும் இருக்கலாம். அந்த அழுகை உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

அம்மாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தத் தேடல். பிள்ளையின் பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துக்காக ஜீப்பை நிறுத்தியவருக்கு, அவர்கள் போன இடம் தெரியாமல் இருக்காது. இதை நீங்கள் வாசிப்பீர்கள். நீங்கள் யார் என்று நான் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் மாட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி என் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போங்கள்.