வீடு பெண்ணுக்கு என்ற தகவல்

மட்டக்களப்பைப் பற்றி யாராவது தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் என்னிடமிருந்து தப்புவது கஷ்டம். பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். அதனால் வந்த நோய் என்று சொல்ல முடியாது. புவியியல் படிப்பிக்கிற மற்ற ஆசிரியர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஊரைப் பற்றிக் காதில் விழுகிற சின்னச் சின்னத் தகவல்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு எப்படியோ வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வினாடிவினா வைப்பதென்றால் கேள்வி தயாரிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கொப்பியை என் கணவர் "உன்ர மூத்த பிள்ளை" என்பார்.

வெளியூர்க்காரர் எல்லோரும் முதலில் கேட்பது பாடும் மீனைத்தான். பௌர்ணமியை அண்டிய நாட்களில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பது கதை. பாடுவது மீன் என்பார்கள் சிலர், ஊரி என்கிற நத்தை என்பார்கள் சிலர். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை பாலத்தின் மேல் போன லொறியின் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவை தோணிக்காரர் முழு நேரமும் போனில் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கேட்பவர்களிடம் "ஓம், கேட்டிருக்கன்" என்றுதான் சொல்வேன். ஊர்ப் பெருமை பேசுகிறவள் அந்தளவு பொய்கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

மீனை விடச் சுவையான தகவல்கள் என்னிடம் உண்டு. எங்கள் வாவி கடலோடு சமாந்தரமாக நீண்டு கிடப்பதால் நாங்கள் ஊர்களைத் திசை சொல்லிப் பிரிப்பதில்லை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. பாலமில்லாத துறைகளில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். "பாதை அக்கரையில நிக்குது, கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னால் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மாரியில் வெள்ளம் கூடி வயல் வட்டைகளில் நெல் மூழ்கப் போகிறது என்றால் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிடுவார்கள், வாவி கடலுக்குள் இறங்கும். வயல்காரர் எப்போது வெட்டுவார்கள் என்று கேட்பார்கள். மீன்பிடிக்கிறவர்கள் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்பார்கள். இவை எல்லாம் கொப்பியில் உண்டு.

ஆனால் நான் கடைசிக்கென்று வைத்திருந்து சொல்கிற தகவல் வேறு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் கல்யாணம் முடித்தால் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற வம்சமும் தாய் வழியில்தான் வரும். கோயில் திருவிழாவில் 'நீ எந்தக் குடி' என்று கேட்டால் பிள்ளை தாயின் குடியைச் சொல்லும். இதைச் சொன்னதும் வெளியூர்ப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்வைப் பார்க்கத்தான் நான் சொல்வதே. ஒருமுறை பொலன்னறுவைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண்ணிடம் இதை அளந்துகொண்டு போனேன். முன் சீட்டில் இருந்த ஓட்டமாவடி வியாபாரி ஒருவர் திரும்பி, "எங்கடயும் அப்பிடித்தான் டீச்சர், எங்களுக்கும் குடி இரிக்கி, வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான்" என்றார். தமிழ் ஆட்களுக்கும் முஸ்லிம் ஆட்களுக்கும் ஒரே வழக்கம் என்பதை அன்றே கொப்பியில் ஏற்றினேன்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்களைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புக்கு வேலைக்கு வருகிற ஆண்களை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவோமாம், பிறகு அவர்கள் ஊர் திரும்ப மாட்டார்களாம். அதற்கும் என்னிடம் தயார்ப் பதில் உண்டு. வீடு பெண்ணுடையது, வருகிறவனுக்கு இருக்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்கிறது, அவன் ஏன் போகப் போகிறான்? இதில் மந்திரம் எங்கே வந்தது? இந்தப் பதிலுக்குச் சிரிக்காதவர்களை நான் கண்டதில்லை.

இதெல்லாம் சரி. இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே அண்ணன். மேசன். கத்தாரில் பல வருடம் வேலை செய்தார். பழுகாமத்தில் நாங்கள் இருக்கிற வீடு அவர் கட்டியது. கட்டியது என்றால் காசு அனுப்பியது மட்டுமில்லை, கையாலும் கட்டினார். ஒரு லீவில் வந்து அத்திவாரம், அடுத்த லீவில் சுவர், அதற்கடுத்த லீவில் கூரை. தங்கச்சிக்கு வீடு முடியாமல் அண்ணன் கல்யாணம் செய்வதில்லை என்பது எங்கள் பக்கத்து ஒழுங்கு. எனக்குக் கல்யாணமாகி, வீட்டு உறுதியை என் பேரில் எழுதி, என் கணவர் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பெண் பார்த்தோம். அதற்குள் அவருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. பெண் மாங்கேணி, வாகரைப் பக்கத்துக் கடற்கரை ஊர். அவரும் உடுப்புப் பெட்டியோடு அங்கே போனார். சேலையில் சாந்து படக்கூடாதென்று, வீடு கட்டும்போது இந்தப் பக்கமே வராதவள் என்று அண்ணன் இன்றைக்கும் என்னைப் பகிடி பண்ணுவார்.

மச்சாள், அண்ணனின் மனைவி, இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஒரே மகள். போன ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டறை வீடு, அதை அவள் பேருக்கு எழுதினார்கள். எழுதுகிற இடத்தில் நானும் இருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. பார், எவ்வளவு இலகுவாக ஒரு பெண் வீட்டுக்காரி ஆகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாகவும் ஞாபகம்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினார். நான் பாடசாலையிலிருந்து வந்த களைப்பில் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எத்தின நாள் நிப்பீங்க அண்ணன்?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றார்.

விறாந்தையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். உள்ளே பின்னறை சும்மா கிடந்தது. படிக்கப் போன என் மகனின் அறை. அங்கே படுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. காற்றுக்காக விறாந்தையில் படுக்கிறார் என்று நினைத்தேன். பகலில் உடைந்திருந்த கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து பூசினார், வேலியைச் சரி பண்ணினார். விருந்தாளி இப்படி வேலை செய்வாரா என்றும் யோசிக்கவில்லை. அந்த வாரம் எனக்கு வேறு கவலை. ஆசிரியர் பயிற்சிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் மூன்று பேரைச் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். ஆற்று இறால் வேண்டும், தயிர் வேண்டும், சொல்வதற்குத் தகவல்கள் வேண்டும்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு வாத்தியார். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன், விழவில்லை. பாயோடு ஒட்ட வைக்கிற கதையை வாத்தியாரே எடுத்தார். என் தயார்ப் பதிலைச் சொன்னேன், சிரித்தார்கள். எனக்கு அன்று நல்ல உற்சாகம். நான் சொல்வது வெறும் கதையில்லை என்று நிரூபிக்க வேண்டும் போலிருந்தது. அண்ணன் பந்தியின் கடைசியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேணுமெண்டா இவரிட்டக் கேளுங்க" என்றேன். "எங்கட அண்ணன். இந்த வீட்டுக் கல்லு ஒவ்வொண்டும் இவர் வச்சது. சொல்லுங்க அண்ணன், இது ஆர்ட வீடு?"

"தங்கச்சிட வீடு" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். வினாடிவினாவில் பிள்ளை சரியான விடை சொன்னால் எனக்கு வருகிற அதே சந்தோஷம் வந்தது. வாத்தியார் விடவில்லை. "அப்ப அண்ணை, உங்கடை வீடு எங்கை?" என்றார்.

"மாங்கேணியில. அது பொஞ்சாதிட வீடு." சோற்றைப் பிசைந்தார். "இப்ப மகள்ட."

"அப்ப நீங்கள்?"

அண்ணன் சோற்றை இலையின் ஓரமாக ஒதுக்கினார். அவருக்குக் கோபமில்லை. தெரியாத கேள்விக்கு விடை யோசிக்கிற மாதிரித்தான் இருந்தார்.

"நான் இஞ்ச வந்திரிக்கன்" என்றார்.

அந்தப் பெண்களில் ஒருவர் உடனே இறாலைப் பற்றி ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியாது.

அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தபோது அண்ணன் வட்டைப் பக்கம் போயிருந்தார். விறாந்தை மூலையில் அவருடைய பை இருந்தது. சட்டைகளை அதற்குள்ளேயே மடித்து வைத்திருந்தார், கொடியில் ஒன்றுகூட இல்லை. திறந்து பார்த்தது பிழைதான். அடியில் மேசன் கரண்டியும் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் இருந்தன. நாலு நாள் நிற்க வருகிறவர் மட்டப்பலகை கொண்டு வரமாட்டார்.

குசினிக்குள் போய்க் கணவரிடம் கேட்டேன். அவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் இருக்கத்தான் வந்திரிக்காரா?"

"ஓம். வந்த அண்டைக்கே எனக்கு விளங்கிற்று."

"அப்ப ஏன் நீங்க ஒண்டும் சொல்லல்ல? அறையில படுங்க மச்சான் எண்டு சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் எப்பிடிச் சொல்லுற? வீடு உன்ர. நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். அவரும் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தார்."

அவர் குத்திக் காட்டவில்லை. ஒழுங்கைச் சொன்னார். இந்த வீட்டில் ஒருவரை இருக்கச் சொல்லக்கூடிய வாய் ஒன்றுதான். இரண்டு ஆண்கள், ஒருவர் கட்டியவர், ஒருவர் இருபத்தைந்து வருடமாக இருப்பவர், நாலு நாளாக அந்த வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்த வாய் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் வீடு பெண்ணுக்கு, வீடு பெண்ணுக்கு என்று சொல்லித் திரிந்தவள், அப்படியென்றால் ஆணுக்கு என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. கொப்பியில் அந்தக் கேள்வியே இல்லை.

அண்ணன் பொழுதுபட முன்னமே வந்தார். கால் கழுவிவிட்டு விறாந்தைக் கட்டின் மேல் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மகள் போகச் சொன்னவளா?"

"சே, இல்லகா. அவள் பாவம். அழுதவள்." கால் விரல்களைத் துடைத்தார். "அம்மா இரிந்தா அப்பன் இரிக்கலாம். அம்மா இல்லாத வீட்டில மருமகனுக்கு முன்னால நான் என்ன செய்யிற? ரெண்டறைதானே."

"இதை வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணன்."

"நீ எத்தின நாள் எண்டு கேட்டாய்" என்றார். "அதுக்கு மறுகா நான் என்னத்தச் சொல்லுற?"

கேட்டேன்தான். தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. அழுவதை மறைக்க வேண்டுமென்று குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன்:

"இது உங்கட வீடு அண்ணன். நீங்க கட்டின வீடு. ஆரையும் கேக்கத் தேவையில்ல."

அவர் உடனே தலையாட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி. பிள்ளை பிழையான விடை எழுதினால் நான் ஆட்டுவது போலத்தான்.

"இல்ல தங்கச்சி. அப்பிடிச் சொல்லாத. உன்ர வீடுதான். உன்ர எண்டுதான் கட்டினன். இரிக்கச் சொல்லு. அது போதும்."

"இரிங்க" என்றேன்.

அவர் எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசற்படியில், தான் நிலை வைத்த கதவுக்கு வெளியே நின்றபடி, "எந்த அறையில?" என்று கேட்டார். நான் முன்னால் நடந்து போய்க் காட்டினேன்.